திம்பம் ஏறும் முன்: போனும் கார் திரையும் பேச மறுத்தால்

கோவையிலிருந்து அன்னூர், புன்செய்ப் புளியம்பட்டி வழியாகச் சத்தியமங்கலம் வந்து, பண்ணாரி தாண்டித் திம்பம் ஏறி, ஆசனூர் வழியாகச் சாமராஜநகர் போகிறது 948-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. காரின் தொடுதிரையில் ஆண்ட்ராய்டு ஆட்டோவோ ஆப்பிள் கார்பிளேயோ வைத்திருப்பவருக்கு இந்த ஒரு பயணத்திலேயே மூன்று விதமான தொல்லைகள் வரலாம். சித்திரை வெயிலில் புளியம்பட்டி தாண்டுவதற்குள் போன் சூடேறி, திரையிலிருந்து மேப் மறைந்துபோகும். மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் போன் சரிந்து, கேபிள் அசைந்து, பாட்டு நிற்கும். மேலே காட்டுக்குள் போனதும் மேப் வெறும் சாம்பல் கட்டமாகிவிடும். மூன்றையும் நாம் சொல்வது ஒரே வாக்கியத்தில்: "போன் கனெக்ட் ஆகமாட்டேங்குதுங்க." காரணங்களோ வேறு வேறு, தீர்வுகளும் வேறு வேறு. அந்த ஒற்றை வாக்கியத்தோடு கடைக்கோ சர்வீஸ் சென்டருக்கோ போகிறவருக்குக் கிடைப்பதும் ஒற்றைத் தீர்வாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்வார்கள், அல்லது புது ஸ்டீரியோ மாட்டச் சொல்வார்கள். செட்டிங்ஸில் கை வைக்கும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுங்கள் என்பதே இந்த அத்தியாயம் சொல்ல வருவது. தொடர்பு எப்போது அறுகிறது? அறுந்தபோது திரையில் என்ன மிஞ்சியிருக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பெரும்பாலான கோளாறுகள் வீட்டு வாசலிலேயே, ஒரு கேபிள் விலைக்குள் தீர்ந்துவிடும்.

இப்படிப் பார்ப்பது கொங்குப் பகுதிக்குப் புதிதும் இல்லை. தோட்டத்தில் போர் மோட்டார் ஓடவில்லை என்றால், குழாயைக் கழற்றி மோட்டாரை மேலே தூக்குவதற்கு முன் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து மூன்று பேஸும் வருகிறதா என்றுதான் எவரும் பார்ப்பார். தூக்கும் செலவு பெரிது, பார்க்கும் செலவு ஒன்றுமில்லை. போனுக்கும் காருக்கும் இடையிலும் அப்படி ஒரு வரிசை இருக்கிறது. வயர் இணைப்பு என்றால் போனின் மென்பொருள், போனின் சார்ஜிங் துளை, கேபிள், காரின் யு.எஸ்.பி. துளை, காரின் மென்பொருள் என ஐந்து கண்ணிகள். வயரில்லா இணைப்பு என்றால் நடுவிலுள்ள மூன்றையும் எடுத்துவிட்டு அங்கே புளூடூத், வைஃபை என்ற இரண்டைப் போட்டுக்கொள்ளலாம். கோளாறு இவற்றில் ஏதோ ஒரு கண்ணியில்தான் இருக்கும். இரண்டு கண்ணிகள் ஒரே நாளில் கெடுவது அபூர்வம். ஆகவே நம் வேலை எந்தக் கண்ணி என்று கண்டுபிடிப்பதுதான். அது தெரிந்துவிட்டால் சரிசெய்வது பெரும்பாலும் சில நிமிட வேலை.

முதலில் திரையைப் பாருங்கள். மேப் நின்றுவிட்டது என்று நாம் சொல்லும் நிலைமை உண்மையில் மூன்று வகைப்படும். ஒன்று, கார் இருக்கும் இடத்தைக் காட்டும் அம்புக்குறி நகர்ந்துகொண்டே இருக்கிறது, ஆனால் சுற்றியுள்ள சாலைகளும் ஊர்ப்பெயர்களும் வரவில்லை. அப்படியென்றால் போனும் காரும் நன்றாகவே பேசிக்கொண்டிருக்கின்றன. இல்லாதது மொபைல் நெட்வொர்க். செயற்கைக்கோளிடமிருந்து இருப்பிடத்தைப் பெற மொபைல் சிக்னல் தேவையில்லை, மேப்பின் படத்தை இறக்கத்தான் தேவை. இரண்டாவது வகையில் மேப் தெரிகிறது, பட்டன்களை அழுத்தினால் திரை மாறுகிறது, ஆனால் அம்புக்குறி மட்டும் ஒரே இடத்தில் நிற்கிறது. அங்கே சிக்கல் இருப்பிடம் அறிவதில். போனின் லொகேஷன் அணைந்திருக்கலாம், அல்லது போன் வானத்தைப் பார்க்காத பெட்டிக்குள் கிடக்கலாம். மூன்றாவது வகையில் மேப், பாட்டு எல்லாம் ஒன்றாக மறைந்து, கார் கம்பெனியின் சொந்த மெனு திரும்பி வந்துவிடுகிறது. இது ஒன்றுதான் உண்மையான இணைப்புக் கோளாறு. முதல் வகைக்குக் கேபிள் மாற்றுவதும், மூன்றாம் வகைக்கு சிம் கார்டைக் குறை சொல்வதும் காசுக்கும் நேரத்துக்கும் கேடு.

சத்தியமங்கலத்துக்காரர்களுக்கு இந்த வேறுபாடு மற்றவர்களைவிட அதிகம் பயன்படும். பண்ணாரிக்கு மேலே சாலை போவது 2013-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட, ஏறத்தாழ 1,400 சதுர கிலோமீட்டர் காட்டுக்குள். டவர்கள் குறைவு, மலை மறைப்பு அதிகம், சிக்னல் வந்து வந்து போகும். அங்கே மேப் வெளுத்துப்போவதற்குக் காரும் பொறுப்பில்லை, போனும் பொறுப்பில்லை. ஊரிலேயே வீட்டு வைஃபையில் கூகுள் மேப்ஸைத் திறந்து, ஈரோடு மாவட்டத்தின் மேற்குப் பகுதியும் சாமராஜநகர் மாவட்டமும் அடங்கும்படி ஆஃப்லைன் மேப்பை இறக்கி வைத்துவிட்டால் திம்பம், ஆசனூர், தாளவாடி எங்கும் வழி தெரியும். இறக்கிய மேப்புக்குக் காலக்கெடு உண்டு, ஆகவே நீண்ட பயணத்துக்கு முன்னால் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். சாலை நெரிசலை மட்டும் அது காட்டாது. பாட்டையும் அப்படியே முன்கூட்டி இறக்கி வைத்துக்கொண்டால் சோதிப்பதற்கும் அது உதவும். இறக்கிய பாட்டு ஓடிக்கொண்டிருக்க, மேப் மட்டும் நின்றால் குற்றவாளி நெட்வொர்க் என்பதில் ஐயமே வேண்டாம்.

உண்மையான இணைப்புக் கோளாறுக்கு வருவோம். வயரில் இணைக்கிறவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளை. கடைசியில் சந்தேகப்படுவதும் அதைத்தான். "கேபிள் நல்லாத்தானுங்க இருக்குது, சார்ஜ் ஏறுதுங்களே" என்பதுதான் எல்லோரும் சொல்லும் மறுப்பு. அது நியாயமாகத் தோன்றும், ஆனால் செல்லாது. சாதாரண யு.எஸ்.பி. கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்கின்றன. இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. பவர் பேங்க், டிரிம்மர் போன்றவற்றோடு வரும் மலிவான கேபிள்கள் பலவற்றில் தகவல் கம்பிகளே இருக்காது. அதில் சார்ஜ் ஏறும், ஆண்ட்ராய்டு ஆட்டோ ஒருநாளும் வராது. நான்கு கம்பியும் உள்ள நல்ல கேபிள்கூட, தினமும் கியர் கம்பியைச் சுற்றி மடங்கி மடங்கிக் கழுத்தில் நைந்துபோகும். மின்சாரம் போவதற்குத் தொடர்பு சுமாராக இருந்தாலே போதும். தகவல் அப்படியில்லை. கண் இமைக்கும் நேரம் விட்டுப்போனாலும் காரும் போனும் ஒன்றையொன்று தொலைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து அறிமுகம் ஆக வேண்டியிருக்கும். சார்ஜ் ஏறுவது மின்சாரக் கம்பிகளுக்கு மட்டுமே சாட்சி.

சோதிப்பது எளிது. அதே கேபிளில் போனை ஒரு கம்ப்யூட்டரோடு இணைத்து, போனில் உள்ள படங்கள் அங்கே தெரிகின்றனவா என்று பாருங்கள். ஒரு பெரிய வீடியோவைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும்போது கேபிளின் இரு கழுத்துகளையும் லேசாக அசைத்துப் பாருங்கள். அசைத்ததும் அறுந்தால் வேறு ஆராய்ச்சி வேண்டாம். புதிதாக வாங்கும்போது ஒரு மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். நடுவில் எக்ஸ்டென்ஷனோ பல துளைகளாகப் பிரிக்கும் ஹப்போ வைக்க வேண்டாம். 'ஃபாஸ்ட் சார்ஜ்' என்று அட்டையில் எழுதியிருப்பதால் தகவல் போகும் என்று பொருளில்லை. 'டேட்டா' அல்லது 'சிங்க்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். போனோடு பெட்டியில் வந்த கேபிள் இன்னும் நல்ல நிலையில் இருந்தால் அதைக் காருக்குக் கொடுத்துவிட்டு, கடையில் வாங்கியதை வீட்டுச் சார்ஜருக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கேபிள் சரி என்றால் அடுத்தது துளைகள். போனைச் சட்டைப் பையிலும் வேட்டி மடிப்பிலும் வைத்துப் பழகியவர்களின் டைப்-சி துளைக்குள் பஞ்சு சேரும். ஒவ்வொரு முறை கேபிளைச் செருகும்போதும் அந்தப் பஞ்சு இன்னும் உள்ளே அழுந்திக் கெட்டியாகும். கேபிளின் முனை முழுதாக உள்ளே போகாமல், போனின் விளிம்புக்கும் அதற்கும் இடையே நூலளவு இடைவெளி தெரியும். செருகும்போது 'க்ளிக்' என்ற பிடிமானம் இருக்காது, போனைத் தலைகீழாகப் பிடித்தால் கேபிள் தானாக நழுவும். இந்த அடையாளங்கள் இருந்தால் போனை அணைத்துவிட்டு, மெல்லிய மரப் பல்குச்சியால் ஓரமாகச் சுரண்டி எடுக்கலாம். ஊசியோ சேஃப்டி பின்னோ கூடாது, உள்ளே நடுவில் இருக்கும் மெல்லிய தகடு உடைந்தால் போர்டையே கழற்ற வேண்டி வரும். காரின் பக்கத்தில் வேறு வகைக் குழப்பம். பல கார்களில் முன்புறம் இரண்டு துளைகள் இருந்தாலும் ஒன்றுதான் திரையோடு பேசும், மற்றது சார்ஜுக்கு மட்டும். சார்ஜ் துளைக்கு அருகே மின்னல் அல்லது பேட்டரிக் குறியும், தகவல் துளைக்கு அருகே மூன்று கிளையாகப் பிரியும் சூலம் போன்ற குறியோ போன் படமோ இருக்கும். பின்சீட்டுத் துளைகள் பெரும்பாலும் சார்ஜுக்கு மட்டும்தான். புதுக் கார் வாங்கிய முதல் வாரத்தில் வரும் புகார்களில் பாதிக்கு இந்தச் சின்னக் குறியே விடை சொல்லிவிடும் என்பது என் எண்ணம்.

இப்போது 'எப்போது' என்ற கேள்வியின் பலம் தெரியும். தட்டையான சாலையில் மணிக்கணக்கில் ஓடுகிற இணைப்பு, மலை வளைவுகளிலும் வேகத்தடைகளிலும் மட்டும் அறுந்தால் அது மென்பொருள் கோளாறாக இருக்க வழியில்லை. மென்பொருளுக்கு வளைவு தெரியாது. போன் வழுக்கிச் சரிந்து கேபிளை இழுக்கிறது, அல்லது காரின் துளை தளர்ந்திருக்கிறது. போனை ஹோல்டரில் இறுக்கமாக வைத்து, கேபிளுக்குக் கொஞ்சம் தளர்வு விட்டுப் பாருங்கள். அப்போதும் அறுந்தால் துளையை மாற்ற வேண்டும், அது சர்வீஸ் சென்டர் வேலை. இதற்கு நேர்மாறாக, வண்டி நிற்கும்போதுகூட ஒருமுறையும் இணையவில்லை என்றால் அசைவுக்குச் சம்பந்தமில்லை. அனுமதி, கேபிள் வகை, துளை வகை என்ற மூன்றில் தேடுங்கள்.

வயரில்லா இணைப்பில் 'எப்போது' என்ற கேள்வி இன்னும் நுட்பமாக வேலை செய்கிறது. காரணம், அங்கே இணைப்பு இரண்டு கட்டமாக நடக்கிறது. காரில் ஏறியதும் போனும் காரும் முதலில் புளூடூத்தில் ஒன்றையொன்று அடையாளம் காண்கின்றன. பிறகு கார் தன் வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் புளூடூத் வழியாகவே போனுக்குச் சொல்கிறது. போன் அந்த வைஃபையில் சேர்கிறது, அதன் பிறகு மேப்பும் பாட்டும் வைஃபையில் போகின்றன. ஆகவே காரின் புளூடூத் பட்டியலில் உங்கள் போன் 'இணைந்தது' என்று காட்டியும் ஆண்ட்ராய்டு ஆட்டோ வரவில்லை என்றால் முதல் கட்டம் முடிந்து இரண்டாம் கட்டத்தில் நிற்கிறது என்று பொருள். புளூடூத்தை அழித்து அழித்துச் சேர்ப்பதற்கு முன் வைஃபையைப் பாருங்கள். போனில் வைஃபை அணைந்திருக்கிறதா? பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகளின் டேப்புக்காக ஹாட்ஸ்பாட் போட்டிருக்கிறீர்களா? பல போன்களால் ஒரே நேரத்தில் ஹாட்ஸ்பாட்டும் கொடுத்து, காரின் வைஃபையிலும் சேர முடியாது. வி.பி.என். செயலி ஓடுகிறதா? அவற்றில் சில, அருகிலுள்ள கருவிகளோடு போன் பேசுவதையே தடுத்துவிடும். வீட்டு வாசலில் மட்டும் இணையாமல் தெருமுனை தாண்டியதும் தானாக இணைந்தால், போன் வீட்டு வைஃபையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் கவனித்தால் தெரிந்துவிடும். ரீசெட் செய்தால் தெரியாது.

சில போன்களில் இரண்டாம் கட்டம் எந்த நாளும் நடக்காது. வயரில்லா ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்குப் பொதுவாக ஆண்ட்ராய்டு 11-உம் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் வேண்டும். விலை குறைந்த போன்கள் பலவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே உண்டு. போனின் விவரத்தாளில் இதைப் பார்த்துவிட்டால் பல நாள் போராட்டம் மிச்சம். கார்களிலும் இப்படி ஒரு புதிர் இருக்கிறது. ஹூண்டாயின் கிரெட்டா, ஐ20 போன்ற கார்களில் பல ஆண்டுகளாக 8 அங்குலத் திரை உள்ள வகைக்கு வயரில்லா இணைப்பு இருந்தது, அதைவிட விலை கூடிய 10.25 அங்குலத் திரைக்கு வயர் தேவைப்பட்டது. அதிக விலை கொடுத்து வாங்கியவர் கோளாறு என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது கோளாறு இல்லை, அந்தத் திரையின் வரம்பு. உங்கள் காரின் எந்த வகைக்கு எந்த இணைப்பு என்று கையேட்டில் பார்த்த பிறகே பழுது தேடத் தொடங்குங்கள். வயர் மட்டுமே உள்ள காருக்கு வயரில்லா அடாப்டர் வாங்கலாமே என்று கேட்கலாம். வாங்கலாம், ஆனால் வயரில் ஒழுங்காக ஓடும் காருக்கு மட்டும். வயரிலேயே அறுந்து அறுந்து வரும் காரில் அதைச் செருகினால் பழைய கோளாறோடு இன்னும் இரண்டு கண்ணிகளைக் கூட்டியதாகத்தான் ஆகும்.

"நேத்து வரைக்கும் நல்லா ஓடிட்டிருந்துச்சுங்க, நான் எதையும் தொடலைங்க" என்பது அடுத்த மறுப்பு. தொடாமல் இருந்தது நீங்கள். போன் சும்மா இருக்கவில்லை. ஆண்ட்ராய்டு 10 வந்த 2019 முதல் ஆண்ட்ராய்டு ஆட்டோ போனுக்குள்ளேயே ஒரு பகுதியாக இருக்கிறது. தனி ஐகான் தெரியாது, செட்டிங்ஸில் பெயரைத் தேடினால் வரும். அது ப்ளே ஸ்டோர் வழியாக இரவோடு இரவாகப் புதுப்பிக்கப்படும். காரின் மென்பொருளோ பல கார்களில் சர்வீஸின்போது மாற்றினால்தான் உண்டு. சில ஆண்டுகளுக்கு முந்தைய காரும் இந்த மாத மென்பொருள் ஓடும் போனும் பேச வேண்டியிருக்கிறது. ஆகவே 'நேற்று வரை ஓடியது' என்பதே ஒரு நல்ல தடயம். கேபிள் ஒரே இரவில் கெடுவது குறைவு, மென்பொருள் மாறுவது இரவில்தான். அப்போது செய்ய வேண்டிய முதல் வேலை போனை ஒருமுறை அணைத்துப் போடுவது. அடுத்தது காரின் திரையை உண்மையாகவே அணைத்துப் போடுவது. பல கார்களில் சாவியைத் திருப்பி எடுத்தாலும் திரை முழுதாக அணைவதில்லை, தூங்கப் போகிறது. வால்யூம் அல்லது பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால்தான் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எந்தப் பட்டன் என்பதைக் கையேடு சொல்லும்.

அதற்கும் மசியவில்லை என்றால் பழைய அறிமுகத்தை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும். இதில் பெரும்பாலானோர் பாதி வேலையோடு நின்றுவிடுகிறார்கள். போனில் மட்டும் அழித்தால் காரிடம் பழைய அடையாளச் சாவி மிஞ்சியிருக்கும், காரில் மட்டும் அழித்தால் போனிடம். பொருந்தாத சாவிகளோடு இரண்டும் பேச மறுக்கும். இரு பக்கமும் அழிக்க வேண்டும். போனின் புளூடூத் பட்டியலில் காரின் பெயரையும், ஆண்ட்ராய்டு ஆட்டோ செட்டிங்ஸில் முன்பு இணைத்த கார்களையும் நீக்குங்கள். ஐபோன் என்றால் செட்டிங்ஸ், ஜெனரல், கார்பிளே என்று போய் அந்தக் காரை மறக்கச் சொல்லுங்கள். பிறகு காரின் போன் பட்டியலிலும் நீக்கிவிட்டு, வண்டியை நிறுத்திய நிலையில் புதிதாகச் சேருங்கள். கேட்கும் அனுமதிகளை வாசிக்காமல் 'வேண்டாம்' தட்டினால் மறுபடி அதே கதைதான். ஐபோனில் சிரி அணைந்திருந்தாலும், ஸ்க்ரீன் டைம் கட்டுப்பாட்டில் கார்பிளே தடுக்கப்பட்டிருந்தாலும் இணைப்பு வராது. ஆண்ட்ராய்டில் பேட்டரி சேவர் ஆண்ட்ராய்டு ஆட்டோவைப் பின்னணியில் ஓடவிடாமல் அணைத்துவிடும். போனைப் பூட்டிய சில நிமிடங்களில் இணைப்பு போனால் அங்கே பாருங்கள். பழைய கார் வாங்கியவர்கள் முந்தைய உரிமையாளரின் போன்களையும் தொடர்பு எண்களையும் அப்போதே நீக்கிவிட வேண்டும். கார் நினைவில் வைக்கும் போன்களுக்கு ஓர் எண்ணிக்கை வரம்பு உண்டு. அதைவிட முக்கியம், அடுத்தவரின் எண்கள் உங்கள் காரில் கிடப்பது அவருக்கு நல்லதில்லை. விற்கிறவர்களும் விற்கும் முன் இதைச் செய்தே ஆக வேண்டும்.

இன்னொரு தடயத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைப் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். மேப்பும் பாட்டும் நன்றாக வருகின்றன, போன் பேசினால் மட்டும் குரல் காரில் கேட்கவில்லை. கேபிளைக் குறை சொல்லாதீர்கள். ஆண்ட்ராய்டு ஆட்டோவில் வயர் போட்டிருந்தாலும் போன் அழைப்புகள் புளூடூத்திலேயே போகின்றன. புளூடூத் இணைப்பை மட்டும் புதுப்பித்தால் போதும்.

வெயில் ஒரு தனிக் காரணம். ஐபோனைப் பயன்படுத்தச் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பது ஆப்பிளின் வரையறை. ஏப்ரல், மே மாதங்களில் ஈரோட்டிலும் சத்தியமங்கலத்திலும் நிழலிலேயே அதைத் தாண்டும். முன்கண்ணாடிக்குக் கீழே வெயில் படும் இடம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வயர்லெஸ் சார்ஜர் தட்டில் போனை வைத்து, வயரில்லா இணைப்பில் மேப்பும் ஓடவிட்டால் மூன்று பக்கமிருந்தும் சூடேறும். போன் தன்னைக் காத்துக்கொள்ள முதலில் சார்ஜை நிறுத்தும், பிறகு வேகத்தைக் குறைக்கும், கடைசியில் இணைப்பும் போகும். காலையில் வராத கோளாறு, நண்பகலில் கிளம்பி அரைமணி கழித்து வந்தால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். ஏ.சி. காற்று படும் இடத்தில் போனை வைத்து, வயர்லெஸ் சார்ஜை அணைத்துவிட்டு அதே நேரத்தில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். கோளாறு வராவிட்டால் காரணம் நிரூபணமாகிவிட்டது.

கார் கம்பெனியின் திரை இல்லாமல் வெளியே வாங்கி மாட்டிய ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவுக்கு ஒரு கூடுதல் கேள்வி உண்டு. ஒவ்வொரு நாள் காலையிலும் அது எல்லாவற்றையும் மறந்து, கடிகாரம் தப்பாகி, போனைப் புதிதாகச் சேர்க்கச் சொல்கிறதா? அப்படியென்றால் வயரிங்கில்தான் கோளாறு. ஸ்டீரியோவுக்கு இரண்டு மின்கம்பிகள் வரும். வழக்கமாக மஞ்சள் கம்பி பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் தர வேண்டும், சிவப்புக் கம்பி சாவி போட்டால் மட்டும். இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் பாட்டு வரும், ஆனால் சாவியை எடுத்ததும் நினைவு முழுதும் அழியும். எத்தனை முறை மென்பொருளை மாற்றினாலும் தீராத இந்தக் கோளாறை, விவரம் தெரிந்த எலக்ட்ரீசியன் கம்பியை மாற்றிப் போட்டுத் தீர்த்துவிடுவார்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக ரீசெட் செய்து, கேபிளையும் மாற்றிவிட்டால் வேலை சீக்கிரம் முடியாதா என்று கேட்கலாம். கிளம்பும் அவசரத்தில் போனையும் திரையையும் அணைத்துப் போடுவது சரிதான், அதில் எதுவும் அழிவதில்லை. ஆனால் ஃபேக்டரி ரீசெட் அப்படிப்பட்டதில்லை. அதோடு கேபிளையும் மாற்றிவிட்டால், கோளாறு தீர்ந்தாலும் எது தீர்த்தது என்று தெரியாமல் போகும். அடுத்த மாதம் திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் போனை உங்கள் காரில் போட்டு, அது ஓடியதும் "அப்ப நம்ம போன்தான் கெட்டுப்போச்சு" என்று முடிவு கட்டுவதும் அவசரம். அவர் தன் கேபிளையும் கொண்டு வந்திருப்பார். அவர் போனுக்கு உங்கள் காரில் பழைய சாவிச் சிக்கலும் இல்லை. உங்கள் கேபிளில் அவர் போனையும், அவர் காரில் உங்கள் போனையும் போட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்ல முடியும். உங்கள் போன் அவர் காரில் ஓடி, உங்கள் காரில் எவர் போனும் எந்தக் கேபிளிலும் ஓடவில்லை என்றால் கோளாறு காரில். அதற்குக் குறைந்த எந்தச் சோதனையையும் வைத்துப் புது போனோ புது ஸ்டீரியோவோ வாங்காதீர்கள்.

இந்தச் சோதனைகள் எதையும் ஓட்டிக்கொண்டே செய்யக் கூடாது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், சிறைக்கும் இடமுண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். எதிரே கரும்பு லாரி திரும்பும் கொண்டை ஊசி வளைவில் தொடுதிரையைத் தட்டிக்கொண்டிருப்பது உயிரோடு விளையாடுவது. காட்டுக்குள் ஓரமாக நிறுத்திப் பார்க்கவும் வனத்துறை விடாது, யானை நடமாடும் இடத்தில் நிறுத்தவும் கூடாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2022 பிப்ரவரி முதல் இந்தப் பாதையில் இரவுப் போக்குவரத்துக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. சத்தியமங்கலத்திலோ, பண்ணாரி கோயில் அருகிலோ நிறுத்திச் சரிபார்த்துவிட்டு ஏறுங்கள். அங்கேயும் சரியாகவில்லை என்றால் வெறும் புளூடூத்தில் பாட்டையும் வழிக் குரலையும் கேட்டுக்கொண்டு போவதில் ஒரு குறையும் இல்லை. மலைப்பாதையில் கண் சாலையில் இருக்க, காது மட்டும் வழி கேட்பதே மேல் என்பது என் கருத்து.

துளை தளர்ந்திருந்தாலும், எந்தப் போனும் எந்தக் கேபிளும் உங்கள் காரில் ஓடாவிட்டாலும், காரின் மென்பொருள் பழையதாக இருந்தாலும் சர்வீஸ் சென்டருக்குப் போகத்தான் வேண்டும். வாரண்டி இருக்கும்போது நாமே ஏன் இவ்வளவு பார்க்க வேண்டும் என்ற கேள்விக்கு இங்கேதான் விடை. வந்து வந்து போகும் கோளாறு, வண்டியைக் கொடுக்கும் நாளில் வராது. அவர்கள் ஓட்டிப் பார்த்து "எல்லாம் நல்லாருக்குதுங்க" என்று சாவியைத் திருப்பிக் கொடுப்பார்கள், அதில் பொய்யும் இருக்காது. போன் மாடல், ஆண்ட்ராய்டு அல்லது ஐ.ஓ.எஸ். பதிப்பு, அறுந்த தேதி, நேரம், அப்போது வண்டி ஓடியதா நின்றதா, திரையில் மிஞ்சியது என்ன, எந்தெந்தக் கேபிள், எந்தெந்தப் போன் போட்டுப் பார்த்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். காரின் மெனு திரும்பி வந்த திரையைப் பக்கத்தில் இருப்பவர் படமெடுத்திருந்தால் அதையும் காட்டுங்கள். ஜாப் கார்டில் உங்கள் புகாரை 'ஆடியோ ப்ராப்ளம்' என்று சுருக்காமல், நீங்கள் சொன்னபடியே எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். வாரண்டிக் காலத்துக்குள் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே புகார் சொல்லும்போது கையில் அந்த ஜாப் கார்டு நகல் இருக்கட்டும்.